முறிந்த ஸ்பிரிங்கும் முறியாத வழக்கமும்

வீட்டில் ஒரு யந்திரம் கெட்டுப் போனால் இரண்டு வகையான மனிதர்கள் கிளம்புவதைப் பார்க்கிறோம். முதல் வகையினர் அதைப் பழைய வேஷ்டியொன்றில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, "அது அவ்வளவுதான்!" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். இரண்டாம் வகையினர் அந்த க்ஷணமே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கழற்றக்கூடிய திருகாணிகளை எல்லாம் கழற்றி, பிறகு கழற்றக்கூடாதவற்றையும் கழற்றி, கடைசியில் அத்தனையையும் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு பட்டறைக்கு நடப்பார்கள். முன்னவர்களைச் சோம்பேறிகள் என்றும் பின்னவர்களை உற்சாகிகள் என்றும் ஊர் சொல்லும். நம்முடைய அபிப்பிராயத்தில் இருவரும் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றேதான். கெட்டது எது, அது ஏன் கெட்டது என்று இருவரும் யந்திரத்தைக் கேட்கவில்லை.

இந்தப் பகுதியில் சுவர்க் கடிகாரத்தையும் தையல் மெஷினையும் பற்றி எழுதி வந்த நாம், இந்த வாரம் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டதைக் கண்டு தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். ஸ்பிரிங்கினால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியைப்போல் எளிய யந்திரம் அபூர்வம். ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒரு வாஷர், ஒரு கொக்கி, இவ்வளவுதான் அதன் குடும்பம். அதே சமயம், அறியாமல் கழற்றுகிறவனுக்கு அதைப்போல் அபாயமான யந்திரமும் அபூர்வம். ஆகவே, நோயறிந்து மருந்து கொடுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.

தொடங்குமுன் ஒரு கேள்வி. பழுது பார்த்த பிறகு துப்பாக்கி எதைச் சுடப் போகிறது? குறிப் பலகையையும் பலூனையும் சுடுவதானால் மேலே படிக்கலாம். மரத்திலிருக்கும் புறாவையும் மைனாவையும் சுடுவதற்கானால், அது முறிந்தபடியே கிடப்பது உத்தமம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளுக்குக் காவலாக நிற்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ஆம் வருஷத்தில் அரசாங்கமே ஓர் இயக்கம் தொடங்கி வேண்டிக்கொண்டதன் பேரில், கிராமத்து ஜனங்கள் பலர் தங்கள் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமாகவே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். காடுகளில் பறவைகளின் குரல் குறைந்துபோனதே அதற்குக் காரணம். துப்பாக்கியைப் பழுது பார்க்கிறவனுக்கு அது செய்யப் போகும் காரியத்திலும் பங்கு உண்டென்பதை மறக்கலாகாது.

இனி யந்திரத்தின் உள்ளே போவோம்.

பெயரில் 'காற்று' இருந்தாலும், சக்தியைச் சேமித்து வைப்பது ஸ்பிரிங்; ஸ்பிரிங் பெரிதாக இருந்தாலும், ரவையைத் தள்ளுவது காற்று. இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குழலைக் கீல் இருக்கும் இடத்தில் மடக்கும்போது, அதனுடன் சேர்ந்த நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் நெருங்கிச் சுருங்குகிறது. பின்கோடியில் ஒரு சிறு கொக்கி பிஸ்டனைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நாம் ஈய ரவையைக் குழலின் வாயில் வைத்து, குழலை நிமிர்த்தி மூடுகிறோம். விசையை இழுத்ததும் கொக்கி விலகுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் எறிகிறது. சிலிண்டரில் இருக்கும் காற்று மருந்து குடிக்கும் அவுன்ஸ் கிளாஸ் ஒன்றில் அடங்கிவிடும். அந்தக் காற்று நசுங்கி, சிறு துவாரத்தின் வழியாகப் பாய்ந்து ரவையைத் தள்ளுகிறது. இத்தனையும் ஒரு வினாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரவை குழலை அடைத்துக்கொண்டு நிற்பதால் காற்று உடனே வெளியேற முடிவதில்லை. முன்னால் ஓடிவரும் பிஸ்டனுக்கு அந்த நசுங்கிய காற்றே மெத்தையாகிறது. பிஸ்டன் இரும்புச் சுவரில் மோதாமல் காற்று மெத்தையின் மேல் வந்து இறங்குகிறது. ரவை இல்லாமல் வெறும் துப்பாக்கியைச் சுட்டால் மெத்தை இல்லை; இரும்பு இரும்போடு மோதுகிறது. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இந்த ஏற்பாடு புதிதன்று. அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்துப் பிளிமத் என்னும் ஊரில், கிணற்று நீர் இறைக்கும் காற்றாலைகளைச் செய்துவந்த ஒரு கம்பெனி 1880-களில் ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது. காற்றாலையைவிடத் துப்பாக்கிக்கே கிராக்கி அதிகமாகிவிடவே, 1895-ஆம் வருஷத்தில் கம்பெனியே துப்பாக்கியின் பெயரால் 'டெய்ஸி' என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவர் வகுத்த துப்பாக்கி 1905-ஆம் வருஷம் முதல் பெருவாரியாக உற்பத்தியாயிற்று. இன்று ஒலிம்பிக் பந்தயங்களில் வீரர்கள் பிடிக்கும் துப்பாக்கிகளில் இந்த ஸ்பிரிங் இல்லை. முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றுக் குப்பி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் திருவிழாக் கடைகளிலும் கடற்கரையிலும் பலூன் சுடுவதற்கு வைத்திருக்கும் துப்பாக்கிகளில் பழைய ஸ்பிரிங்கே ஆட்சி புரிகிறது.

அப்படிப்பட்ட திருவிழாக் கடைத் துப்பாக்கி ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தது. கடைக்காரர் ஐம்பது பிராயம் கடந்தவர். அவரிடம் ஒரே ஜாதித் துப்பாக்கிகள் இரண்டு உண்டு. பலூன்களுக்கு மேலே, நூலில் தொங்கும் சோடாப் புட்டி மூடிகளும் அவர் கடையில் உண்டு. ஏழு மீட்டர் தூரத்திலிருந்து மூடியை அடித்தால் பரிசு. சில நாட்களாக ஒரு துப்பாக்கியின் ரவைகள் மூடிக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தன. நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் சிலர் இதைக் கண்டுகொண்டார்கள். கடைக்காரர் வேண்டுமென்றே துப்பாக்கியைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று கூட்டத்தின் நடுவில் கூச்சல் எழுந்தது.

"காசு போனால் போகிறது, ஸார். முப்பது வருஷமாகக் கடை போடுகிறேன். நாலு பேர் முன்னிலையில் திருடன் என்று சொல்லிவிட்டார்களே!" என்றார் அவர்.

திருவிழா முடிய ஆறு நாட்கள் இருந்தன. ஒரு வருஷத்துக்குள் அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு தடவை புதிய ஸ்பிரிங் போட்டாகிவிட்டது என்றும் அவர் சொன்னார். கடைசியாகப் பார்த்தவர், "குறிமுள் கீழே இருக்கிறது" என்று பின் குறியை உயர்த்தி வைத்து அனுப்பியிருந்தார். கூலி மூன்று தடவை வாங்கப்பட்டது, 'ஏன்?' என்ற கேள்வி மட்டும் ஒரு தடவையும் கேட்கப்படவில்லை.

வைத்தியர் நாடியைப் பார்ப்பதற்கு முன் கத்தியை எடுப்பதில்லை. துப்பாக்கிக்கும் நாடி பார்க்கும் முறைகள் உண்டு. திருப்புளியைத் தொடாமலே செய்யக்கூடிய பரீட்சைகள் மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, கைப் பரீட்சை. குழலை மெள்ள மடக்கிப் பார்க்க வேண்டும். நல்ல ஸ்பிரிங் முதலிலிருந்தே எதிர்த்து நிற்கும். முறிந்த ஸ்பிரிங்கின் துண்டுகள் ஒன்றினுள் ஒன்று திருகிக்கொண்டு மொத்த நீளம் குறைந்துவிடுவதால், தொடக்கத்தில் தொளதொளவென்று இருந்து, பிறகுதான் பலம் காட்டும். நடுவில் 'கரகர' என்று உராயும் சப்தமும் கேட்கும். முறிந்த பிறகும் துப்பாக்கி ஒருவாறு சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் பலர் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில்லை. மடக்குவதில் ஒரு குறையும் இல்லாமல் ரவை மட்டும் பலவீனமாகப் போனால், குற்றம் ஸ்பிரிங்கில் அல்ல. காற்று எங்கோ ஒழுகுகிறது. மடக்கினால் நிற்காமல் நழுவினால் கொக்கி தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யவே கூடாது. மடக்கிய நிலையில் கொக்கி நழுவினால் குழல் மேல்நோக்கிப் பாயும் வேகத்தில் விரல் போய்விடும். ஆகையால், ரவை வைக்கும்போது மற்றக் கை குழலைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும் என்பது எப்பொழுதும் மாறாத விதி.

இரண்டாவது, காகிதப் பரீட்சை. பட்டம் ஒட்டும் மெல்லிய தாளில் ஒரு நறுக்கை, குழல் சிலிண்டரோடு சேரும் மூட்டின் மேல் வைத்துவிட்டு, ரவை போட்டுத் தக்க காப்பு உள்ள குறிப்பலகையை நோக்கிச் சுட வேண்டும். தாள் துள்ளிப் பறந்தால் மூட்டிலுள்ள சிறு வாஷர் தேய்ந்துவிட்டதென்று அர்த்தம். சில ரூபாய்ப் பண்டம். அதை மாற்றினால் போதும்.

மூன்றாவது, ஊசல் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவர்கள் இதில் ஆனந்தம் அடைவார்கள். ரவையின் வேகத்தைக் கணத்தில் காட்டும் மின்னணுக் கருவிகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. அது இல்லாத இடத்தில், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் 1742-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கும். இந்த ராபின்ஸ் நம் நாட்டோடு சம்பந்தமுள்ளவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்துவதற்காக இங்கே வந்து, 1751-ஆம் வருஷத்தில் கடலூருக்கு அருகிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். அவர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு வகுத்த வித்தையை நாம் அரை கிராம் ரவைக்கு உபயோகிக்கிறோம்.

ஒரு தகர டப்பியில் களிமண்ணைத் திணித்து, மொத்தம் 500 கிராம் எடை வரும்படி செய்யவேண்டும். அதை ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு நூல்களில் ஆடாமல் சமமாகத் தொங்கவிட்டு, பின்னால் ஓர் அளவுகோலையும் கனமான பலகையையும் வைக்கவேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, குழந்தைகளைத் துப்பாக்கிக்குப் பின்னால் தூரத்தில் நிறுத்திவிட்டு, களிமண்ணின் நடுவில் சுடவேண்டும். ரவை களிமண்ணில் புதைந்து, டப்பி பின்னுக்கு ஆடும். எவ்வளவு தூரம் ஆடுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு வேகம். மேற்சொன்ன அளவுகளில், டப்பி 5 சென்டிமீட்டர் ஆடினால் ரவையின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 157 மீட்டர். 3 சென்டிமீட்டர் ஆடினால் ஏறக்குறைய 94 மீட்டர்.

கடைக்காரரின் நல்ல துப்பாக்கி டப்பியை 5 சென்டிமீட்டர் ஆட்டியது; மற்றது 3 சென்டிமீட்டர்தான் ஆட்டியது. வேகம் ஐந்தில் மூன்று பங்கு என்றால் சக்தி அதன் வர்க்கமாகக் குறையும். அதாவது இருபத்தைந்தில் ஒன்பது பங்கு, மூன்றில் ஒரு பாகத்துக்குச் சற்றே அதிகம். இனி மூடியின் மர்மத்தையும் கணக்கிட்டுவிடலாம். வேகமான ரவை ஏழு மீட்டர் போவதற்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். மெதுவான ரவையோ ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர் தாழும். வித்தியாசம் 1.7 சென்டிமீட்டர். சோடா மூடியின் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். நடுவிலிருந்து விளிம்பு ஒன்றரை. மிகச் சரியாக நடுவைக் குறி பார்த்தவனுடைய ரவை, மூடியைத் தொடாமல் அதன் கீழே போவதில் ஆச்சரியம் என்ன? மாணவர்கள் சொன்னதும் மெய். கடைக்காரர் சொன்னதும் மெய். துப்பாக்கி கெட்டிருந்தது, கெடுத்தவர் யாரும் இல்லை. குறிமுள்ளின் பேரில் பழி போட்டதுதான் பொய்.

மடக்கும்போது தொடக்கத்தில் தொளதொளப்பும் நடுவில் உராய்வும் இருந்தன. மூட்டின் மேல் வைத்த தாள் அசையவில்லை. ஆகவே, ஸ்பிரிங் முறிந்திருக்கிறது என்று முடிவு செய்த பிறகே திருப்புளி வெளியே வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. துப்பாக்கியை மடக்காமல் சும்மா வைத்திருக்கும்போதும், முறிந்த ஸ்பிரிங்காக இருந்தாலும், உள்ளே ஓரளவு நெருக்கப்பட்டே இருக்கிறது. பின்கோடி அடைப்பைக் கையால் கழற்றினால், அது கழன்ற கணத்தில் முகத்தை நோக்கிப் பாயும். கண்ணை இழந்த பிறகு எந்த ஸ்பிரிங் போட்டும் பயன் இல்லை. தச்சர்கள் பலகைகளை ஒட்டும்போது இறுக்குகிற நீளமான கிளாம்பு ஒன்றில் சிலிண்டரைப் பொருத்தி, அடைப்பின் மேல் மரக்கட்டை ஒன்றை வைத்து இறுக்கி, பாரம் முழுவதும் கிளாம்பின் மேல் விழுந்த பிறகே ஆணிகளைத் தட்ட வேண்டும். பிறகு கிளாம்பின் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தி, ஸ்பிரிங்கின் மூச்சு முழுவதும் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். கிளாம்பு இல்லாதவர்கள் பழுதை அறிந்ததோடு திருப்தியடைந்து, இருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு போகிறவனை எந்தப் பட்டறையும் எளிதில் ஏமாற்ற முடியாது.

கழற்றும் வரிசையும் இதுதான்: முதலில் குழலைத் திறந்து ரவை இல்லையென்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மடக்கிய நிலையில் இருந்தால், ரவை போட்டுக் காப்பான இடத்தில் சுட்டுவிட வேண்டும். பிறகு கட்டையின் திருகாணிகள், அப்புறம் விசைப் பகுதி, அதன் பின் அடைப்பு, ஸ்பிரிங், அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டித் தண்டு, நெம்புகோல், கடைசியாகப் பிஸ்டன். ஒரு பத்திரிகைத் தாளை விரித்து, கழன்ற ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டால், திரும்பப் பூட்டும்போது 'இந்த ஆணி எங்கிருந்து வந்தது?' என்ற விசாரம் இராது.

ஸ்பிரிங் இரண்டாகவே இருந்தது. கோடியிலிருந்து மூன்றாவது சுற்றில் முறிந்திருந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவார்கள். ஆனால், துப்பறியும் கதையின் முக்கியமான அத்தியாயம் இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பிரிங் சுருங்கும்போது அதன் கம்பி நீளுவதும் இல்லை, குறைவதும் இல்லை. துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்கிறது. ஆகையால் களைத்துப் போன கம்பி ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வில் முறியும். முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், ஒரு மூலையில் வழுவழுப்பாகவும் மற்ற இடத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் சொரசொரப்பாகவும் இருக்கும். வழுவழுப்பான இடம் விரிசல் மெதுவாக வளர்ந்த இடம். சொரசொரப்பு கடைசி நாளில் பட்டென்று முறிந்த இடம். வழுவழுப்பு தொடங்கும் மூலையில் துருக்குழி இருந்தால் ஈரம் குற்றவாளி. இந்தத் துண்டில் துருவே இல்லை. பிஸ்டனின் தலையிலுள்ள தோல் வாஷரை எடுத்துப் பார்த்தோம். அது தட்டையாக நசுங்கி, சிலிண்டர்க் கோடியிலுள்ள துவாரத்தின் வட்டம் அதில் முத்திரைபோல் ஆழப் பதிந்திருந்தது. விளிம்பு கருகியும் இருந்தது.

நசுங்கலுக்குக் காரணம் மோதல். மோதலுக்குக் காரணம் மெத்தை இல்லாமை. மெத்தை இல்லாமைக்குக் காரணம் ரவை இல்லாமல் சுடுவது. கடைக்காரரைக் கேட்டோம். அவர் சற்றும் ஒளிக்காமல் சொன்னார்: "கூட்டம் குறைகிறபோது சும்மா நாலு தடவை சுடுவேன், ஸார். டப் டப் என்று சத்தம் கேட்டால்தானே பிள்ளைகள் வருவார்கள்?"

மூன்று ஸ்பிரிங்குகளைத் தின்ற பூதம் அதுதான். வியாபாரத்தை வளர்ப்பதற்காக எழுப்பிய சப்தமே வியாபாரத்தின் முதுகெலும்பை முறித்துக்கொண்டிருந்தது.

விளிம்பு கருகியதற்குக் காரணம் வேறு. துப்பாக்கி பலவீனமாவதைக் கண்டு அவர் தினந்தோறும் துவாரத்தின் வழியாக எண்ணெய் விட்டு வந்திருக்கிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். துப்பாக்கியில் காற்று அதைவிடப் பன்மடங்கு வேகமாக நசுங்குவதால், அந்தக் கண நேரத்தில் எண்ணெய் ஆவி பற்றி எரியும் அளவுக்குச் சூடேறுகிறது. டீஸல் என்ஜின் ஓடுவது இந்தத் தத்துவத்தினால்தான். புகையும் கருகல் வாடையும் பெரிய வெடிச் சப்தமும் அதன் அடையாளங்கள். அந்த வெடி பிஸ்டனைப் பின்னால் உதைத்து ஸ்பிரிங்கையும் வாஷரையும் சித்திரவதை செய்யும். தோல் வாஷருக்கு எப்பொழுதாவது இரண்டொரு துளி எண்ணெய் போதும். ரப்பரைப் போன்ற செயற்கை வாஷர்களுக்கு அதுவும் வேண்டாம்.

புதிய ஸ்பிரிங் வாங்கும்போது 'கொஞ்சம் பலமானதாகப் போட்டுவிடலாமே' என்ற ஆசை வரும். அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. கம்பியின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதாவது 3 மில்லிமீட்டர் 3.3 ஆனால், ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அன்றியும், முப்பது சுற்றுள்ள ஸ்பிரிங் முழுவதும் நெருங்கும்போது முன்னது 90 மில்லிமீட்டர் இடத்தில் அடங்கும். பின்னதற்கு 99 வேண்டும். உள்ளே அவ்வளவு இடம் இல்லாவிட்டால் கொக்கி மாட்டாது; பலாத்காரம் செய்தால் நெம்புகோல் வளையும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, ரவையின் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலும், குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே கம்பியின் கனம், வெளி விட்டம், சுற்றுக்களின் எண்ணிக்கை மூன்றையும் பழைய துண்டுகளில் அளந்து, அதே அளவில் வாங்குவதே முறை. பழைய ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டி இழுத்து நீட்டுகிற கைங்கரியமும் வேண்டாம். சூடு ஏறிய எஃகு தன் பதத்தை இழந்துவிடும்.

தோல் வாஷர் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஏற்கெனவே அநுபவம் உண்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பம்பிலிருக்கும் கிண்ணம் போன்ற தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் காற்று ஏறாது என்பதையும், அதை எண்ணெயில் ஊறவைத்து விரித்தால் மறுபடி வேலை செய்யும் என்பதையும் நம் பாட்டிமார்கள் எந்தக் கலாசாலையிலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். துப்பாக்கியின் வாஷரும் அதன் உடன்பிறப்பே. புதிய தோலை எண்ணெயில் ஊறவைத்து, மிகுதியை நன்றாகத் துடைத்துவிட்டுப் பொருத்த வேண்டும். சிலிண்டரில் நெம்புகோல் ஓடும் பிளவின் கூரான விளிம்பு புதிய வாஷரைச் சீவிவிடாதபடி நைஸான உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, தூளைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனின் பின்பக்கத்துக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவலாம். பிஸ்டனுக்கு முன்னால் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. உயர்த்தி வைத்த பின் குறியைப் பழைய இடத்துக்கு இறக்காவிட்டால், பலம் திரும்பிய துப்பாக்கி இனி மூடிக்கு மேலே சுடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயம் விஷம்.

பூட்டிய பிறகு ஊசலில் பார்த்தபோது டப்பி 5 சென்டிமீட்டர் ஆடியது. ஆனால் வைத்தியம் அதோடு முடிந்துவிடவில்லை. சப்தமில்லாமல் கடைக்குக் கூட்டம் சேராது என்று கடைக்காரர் சொன்னதும் நியாயமே. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து விடுதிகளில், துவாரமுள்ள இரும்புத் தகடு ஒன்றை மாட்டி, துவாரத்துக்குப் பின்னால் ஒரு மணியை வைத்து, ரவை துவாரத்தில் நுழைந்தால் மணி ஒலிக்கும்படி ஒரு விளையாட்டு வெகுகாலமாக உண்டு. அதை அவருக்கு விவரித்தோம். மறுநாள் மாலை அவர் கடையில், தடித்த திரை பின்னால் தொங்க, தகட்டுக்கு அப்பால் ஒரு மாட்டு மணி தொங்கியது. கூட்டம் குறைந்தபோது அவர் ரவை போட்டு அதைச் சுட்டார். 'டப்' என்ற சப்தத்துக்குப் பதில் 'கணீர்' என்று கேட்டது. துப்பாக்கிக்கு அடியும் இல்லை; கடைக்கு அழைப்பும் குறையவில்லை. கூச்சலிட்ட மாணவர்களில் ஒருவனே சோடா மூடியை அடித்துப் பரிசு வாங்கிக்கொண்டு போனானாம்.

புதிய ஸ்பிரிங் பழைய வழக்கத்தைத் திருத்துவதில்லை. முறிந்த உறுப்பை மாற்றுவது அரை வைத்தியம். அதை முறித்த காரணத்தை மாற்றுவதே முழு வைத்தியம். ஸ்டவ்வுக்கும் மிதிவண்டிக்கும் பம்புசெட்டுக்கும் இது பொருந்தும். அதற்குச் சாமர்த்தியம் அதிகம் வேண்டியதில்லை. சற்றுப் பொறுமை வேண்டும். ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள்: வீட்டில் எந்த யந்திரத்தில் எந்த உறுப்பு முறிந்தாலும், அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள். ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே தேதியை எழுதி வையுங்கள். அதே உறுப்பு மறுபடியும் முறிந்தால், இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரி முறிந்திருந்தால், கடைக்காரனையும் உற்பத்தியாளனையும் திட்டுவதற்கு முன், அதைக் கையாளும் கையைக் கொஞ்சம் கவனியுங்கள்.